ஷீட்டில் இல்லாத குழிகள்

திருப்பூரில் இடம் வாங்குகிறவர் சர்வேயரிடம் மூன்று விஷயம் கேட்பார். அளவு சரியாக இருக்கிறதா, பாதை இருக்கிறதா, போர் போட்டால் தண்ணீர் எத்தனை அடியில் வரும். முன்னே இங்கே குழி ஏதும் இருந்ததா என்று கேட்பவர் அபூர்வம். கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன். அதனால் கைநழுவிய வேலைகள் உண்டு. புரோக்கர்கள் என்னை ‘குழிக்காரர்’ என்று கூப்பிடுவதும் எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு லைசென்ஸ் சர்வேயரிடம் சங்கிலி பிடிக்கிற பையனாகச் சேர்ந்தேன். 66 அடி கன்டர் சங்கிலி, 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால் கணக்கு வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். அரசாங்கம் மெட்ரிக்குக்குப் போய்விட்டாலும் ஊர் போகவில்லை. இன்றைக்கும் சென்ட்டில்தான் விலை பேசுகிறார்கள். உள்ளூருக்கு வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டிருந்த கம்பெனிகள் ஏற்றுமதிக்குத் திரும்பிய நேரம் அது. கொள்ளும் சோளமும் விதைத்த காடுகள் ஒவ்வொன்றாக ஷெட் ஆயின. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

என் முதலாளி ஃபீல்டு புக்கின் கடைசிப் பக்கங்களைத் தனியாக வைத்திருப்பார். அளக்கப் போன இடத்தில் தூர்ந்த கிணறு, கல் உடைத்த பள்ளம், எதற்கு வெட்டியது என்று தெரியாத மேடு பள்ளம் எதைக் கண்டாலும் புல எண்ணோடு அங்கே குறித்துக்கொள்வார். யாரும் கூலி கொடுக்காத வேலை. அவருக்குப் பிறகு அந்தப் புத்தகங்கள் என்னிடம் வந்தன. அவற்றை டோப்போ ஷீட்டில் ஏற்றத் தொடங்கியதுதான் என் தனிப்பட்ட கிறுக்கு. திருப்பூர் 58ஈ/8 என்ற ஒரே ஷீட்டில் அடங்கிவிடும். காங்கேயம்தான் தொல்லை. 11 டிகிரி அட்சக்கோட்டை ஒட்டியே அந்த ஊர் உட்கார்ந்திருப்பதால் வடக்கே 58ஈ, தெற்கே 58எஃப் என இரண்டு தொகுதி ஷீட்டுகளையும் ஒட்ட வேண்டும். மடிப்பில் விழுந்த இடங்களெல்லாம் கிழிந்து கிழிந்து, இப்போது அந்த ஒட்டு முழுக்க செல்லோடேப்.

குழியைத் தேட டோப்போ ஷீட் அதிகம் உதவாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலை ஆரம்பிப்பது வருவாய்த் துறைக் காகிதத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ஊர் ஊராக அளந்தவர்கள் தீர்வை போடத்தான் அளந்தார்கள். மண்ணுக்குத் தரம் போட்டார்கள், தரத்துக்கு ஏற்பத் தீர்வை. சுரங்கம் எங்கே இருந்தது என்பது அவர்கள் கவலை இல்லை. ஆனால் நல்ல செம்மண் காட்டுக்கு நடுவில் திடீரென்று அரை ஏக்கர் மட்டும் தீர்வை இல்லாத தரிசு என்றோ, பாறைப் புறம்போக்கு என்றோ உட்பிரிவு ஆகியிருந்தால் என் கை அங்கே நிற்கும். சுற்றிலும் ஒரே மண், இந்தத் துண்டு மட்டும் ஏன் உழவுக்கு ஆகாமல் போயிற்று? புலப்படத்தில் அந்த உட்பிரிவு வட்டமாகவோ முட்டையாகவோ இருந்தால் சந்தேகம் பாதி தீர்ந்த மாதிரி. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் வந்தபோது இப்படிப்பட்ட சின்ன உட்பிரிவுகள் பல, பக்கத்துப் பட்டாவோடு சேர்ந்து போயின. ஆகவே பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் இன்றைய அ-பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நான் களத்துக்குக் கிளம்புவதில்லை.

அப்படிப் பார்த்துப் பார்த்துப் போய்ச் சேர்ந்த இடம் படியூர். திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற ரோட்டில் இருக்கிறது. பஸ்ஸில் கடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்க்க எதுவும் இல்லை. கடல்நிறக் கல் என்று சொல்லப்படும் பெரில் வகைக் கற்களுக்காக இங்கே வெட்டிய குழிக்கு ஆங்கிலேயர் குறிப்புகளில் இடம் உண்டு. 1819-20-இல் ஹீத் என்பவர் அதை நடத்தி 2,196 கற்கள் எடுத்தார், அவற்றின் மதிப்பு 1,201 பவுண்டு என்று கணக்கு இருக்கிறது. அதற்கு ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கும் முன்னாலேயே பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்று ரோமாபுரி பிளினி எழுதி வைத்தார். கொங்கு நாட்டில் மண்ணைத் தோண்டினால் ரோமானியக் காசு கிடைப்பதற்கு இந்தக் கற்களும் ஒரு காரணம் என்பது வரலாற்றுக்காரர்கள் கருத்து.

ஜோசையா மார்ஷல் ஹீத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாக சேலம், கோவைப் பகுதியில் இருந்தவர். இங்கே போர்பன் பருத்தி பயிரிட்டுப் பார்க்கிற வேலையும் அவர் தலையில் இருந்தது. பிறகு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்து மலைகளின் தாதுவை உருக்கினார். கடைசியில் இங்கிலாந்து போய் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கி, அதை ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் காசு கொடுக்காமல் பயன்படுத்த, வழக்காடியே வாழ்க்கையை முடித்தார். கல், பருத்தி, இரும்பு என்று எங்கள் பக்கத்து மூன்று சரக்கிலும் கை வைத்த ஆள். திருப்பூரில் அவர் பெயர் தெரிந்த முதலாளி ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

படியூரில் குழியைத் தேடிப் போனால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. எல்லோரும் ஆளுக்கொரு குழி காட்டுவார்கள். காங்கேயத்துக் கொறங்காட்டில் வெள்ளாடு மேய்க்கிற ஒரு பாட்டி எனக்குக் காட்டியது ஒன்று. “அந்த வேலாமரத்துக்குக் கெழக்க பாருங் சார். எங்க அப்புச்சி காலத்துலயே தூந்து போச்சுங். ஆடு உழுந்துரும்னு கிளுவ முள்ளு வெச்சு அடச்சிருந்தாங்க.” தோட்டக்காரர் ஒருவர் காட்டியது தண்ணீர் இறைக்கிற கிணறு. மூன்றாமவர் காட்டியது கோயிலுக்குப் பின்னால் ஒரு பள்ளம். எங்கள் பூமியில் நேராக ஆழமாக எதைத் தோண்டினாலும் அது கடைசியில் கிணறாகிவிடும். கல்லுக்கு வெட்டியதா, தண்ணிக்கு வெட்டியதா என்பதைக் குழியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியே கொட்டிய மண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கிணறு வெட்டியவன் கல்லைத் தூக்கி வரப்பில் போட்டுவிட்டுப் போவான். கல் தேடியவன் ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்திருப்பான். ஆகவே கொட்டிய மண்ணில் வெங்கச்சங்கல்லும் காக்காப்பொன்னும் கைக்கு அடங்குகிற அளவில் உடைபட்டுக் கிடந்தால் அது கல் குழி. பாட்டி காட்டிய இடத்தில் அப்படித்தான் கிடந்தது. ஹீத் வெட்டியது அதுதானா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கல்குழி என்ற அளவில் முழுக்கோடு, ஹீத் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. என் படத்தில் இப்படித்தான் இருக்கிறது.

கொறங்காட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காங்கேயம் மாட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் விட்டு, கிளுவை வேலி போட்டுக் காத்துவரும் மேய்ச்சல் காடு அது. உழவு குறைவு என்பதால் மேட்டுமண் கலையாமல் கிடக்கும். வேலி இடம் மாறாது. இரண்டு வேலிக்கு நடுவே ஓடுகிற இட்டேரி, பழைய புலப்படத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். நூறு வருஷத்துக்கு முந்தைய அளவை இன்றைய நிலத்தில் பொருத்த சர்வே கல்லை நம்புவதைவிட நான் கிளுவை வேலியை நம்புவேன். கல்லைப் பிடுங்கி நட ஓர் இரவு போதும்.

காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில் வேலை எளிது. அங்கே குருந்தக்கல் கிடைப்பதை 1901-லேயே புவியியல் ஆய்வுத் துறையின் ஹாலந்து என்பவர் தனி நூலாகவே எழுதி, அந்தப் பாறைத் தொகுதிக்கு மலையின் பெயரையே வைத்துவிட்டார். குழிகள் ஆழமில்லாதவை, சிதறியவை. நானும் அவற்றைத் தனித்தனியாகக் குறிக்காமல் ஒரு பரப்பாகத்தான் போட்டிருக்கிறேன்.

குழியைத் தேடுகிற எனக்கு உண்மையில் தொழில் கற்றுக்கொடுத்தது கொடுமணல். நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்குப் பக்கம். 1985-இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. சுப்பராயலு, ராஜன் போன்றவர்கள் பல பருவங்கள் வேலை செய்த இடம். அந்தப் பக்கம் வேலையாகப் போகும்போது வேலியோரம் நின்று பார்ப்பேன். கயிறு கட்டி, சதுரம் போட்டு, ஒவ்வொரு அங்குலமாகச் சுரண்டி எடுப்பார்கள். நாங்கள் ஓர் ஏக்கரை முற்பகலில் முடிப்போம், அவர்கள் ஒரு குழிக்கு ஒரு சீசன் எடுத்துக்கொள்வார்கள். இரும்பு உருக்கிய உலையின் அடிப்பாகம், கசடு, பட்டை தீட்டப் பாதியில் விட்ட மணிக்கற்கள், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடு, நூல் நூற்கிற தக்களி எல்லாம் அங்கே வந்தன. கசடைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் காடுகளில் நான் மிதித்துக்கொண்டு போன கறுப்புக் கட்டிகள் என்ன என்று புரிந்தது. பாறை இல்லாத இடத்தில் பாரமான, துளைத்துளையான கட்டி கிடந்தால் சுற்றுவட்டத்தில் உலை இருந்திருக்கும். அதன் பிறகு என் படத்தில் கசடுக்குத் தனி அடையாளம் போட்டேன்.

உலைக்கு எரிபொருள் மரக்கரி. எங்கள் பக்கம் நிலக்கரி கிடையாது. கொடுமணல் கொல்லனும் மரக்கரிதான், ஹீத்தின் பரங்கிப்பேட்டையும் மரக்கரிதான். தமிழ்நாட்டில் பூமிக்கு அடியில் இருக்கிற கரி நெய்வேலிப் பழுப்புக்கரி, அதுவும் ஐம்பதுகளில் நிறுவனம் தொடங்கி 1961-இல்தான் கைக்கு எட்டியது. மெட்ராஸ் ரயில்வே 1862-இல் இந்த வழியாகப் போத்தனூரைத் தொட்டபோது இன்ஜின்களே விறகில்தான் ஓடின. அந்த விறகுக்காகக் காலியான காடுகளுக்குப் படம் போட ஆளில்லை. இன்றைக்கும் சாயப்பட்டறைப் பாய்லர்கள் பலவற்றுக்குச் சீமைக்கருவேல விறகு லாரி லாரியாக வருகிறது.

குழிகளோடு கைவிட்ட ரயில் தடங்களையும் குறித்துவைக்கிறேன். அவற்றைத் தேடுவது வேறு மாதிரி வேலை. குழிக்குக் கண் தரையில் இருக்க வேண்டும், தடத்துக்குக் காகிதத்திலேயே பாதி கிடைத்துவிடும். ஊருக்குள் மனை எல்லைகள் நேர்கோடாகத்தான் போகும்; மூலை ஒடியும், வளையாது. எந்த ஊரிலாவது ஒரு காம்பவுண்டின் முதுகு வில் போல மெதுவாக வளைந்து ஸ்டேஷன் பக்கம் போய்ச் சேர்ந்தால், அங்கே சைடிங் ஓடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ரயில் திடீரென்று திரும்பாது அல்லவா. தண்டவாளத்தைக் கழற்றி எடைக்குப் போட்டு அரை நூற்றாண்டு ஆனாலும் அந்த வளைவு பத்திரத்தில் இருக்கும். குடோன் கட்டியவர், அதை இடித்து மண்டபம் கட்டியவர், மண்டபத்தை இடித்துக் கடை வரிசை கட்டியவர் எல்லோரும் அந்த வளைவை மதித்தே கட்டியிருப்பார்கள், ஏன் என்று தெரியாமலே.

பஞ்சு அரைக்கிற ஜின்னிங் மில்கள் ஸ்டேஷனை ஒட்டியே வளர்ந்த ஊர் இது. நீராவியில் ஓடிய காலத்துக்கு அடையாளம் புகைபோக்கி. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பாய்லரைக் கழற்றினார்கள். புகைபோக்கி உயரம் அதிகம், இடிக்கச் செலவு அதிகம் என்பதால் நின்றது. நான் தொழிலுக்கு வந்தபோது எஞ்சியிருந்தவற்றைத் தியோடலைட்டில் குறி பார்க்க வைத்துக்கொள்வோம். நிலத்தின் விலை இடிப்புச் செலவைத் தாண்டியதும் ஒவ்வொன்றாகப் போயிற்று.

மாவட்டத்தின் தென்பகுதியில் வேறு கதை. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-இலும் அங்கிருந்து உடுமலை, பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கு 1928-இலும் மீட்டர்கேஜ் போட்டார்கள். அண்மையில் அகலப்பாதை ஆக்கியபோது வளைவுகளை நிமிர்த்திய இடங்களில் பழைய கரை தனியாக விடுபட்டுக் கிடக்கிறது. அதன் மேல் நடந்தால் சிறு பாலங்களின் கல்கட்டு இன்னும் பார்க்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கக் கொச்சி சமஸ்தானம் 1907-இல் ஓட்டிய காட்டு டிராம்வே ஒன்று இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் மூடினார்கள். தேக்குக் கொண்டுபோன அதே பரம்பிக்குளத்திலிருந்து இன்று பி.ஏ.பி. பாசன வாய்க்காலில் காங்கேயத்துக்குத் தண்ணீர் வருகிறது. காங்கேயத்துக்கு ரயில் மட்டும் வரவில்லை. ஈரோடு–பழனி பாதை பற்றிய பேச்சைக் கேட்டே என் தலை நரைத்துவிட்டது.

இதெல்லாம் ஆசைக்குச் செய்த வேலை. சோறு போட்டது பாறைக்குழி. ஊர் கட்டுவதற்கு ஜல்லி உடைத்து எடுத்த குவாரிகளைத்தான் திருப்பூரில் பாறைக்குழி என்பது. ஜல்லி தீர்ந்ததும் தண்ணீர் நிற்கும். வெயில் காலத்தில் பிள்ளைகள் குளிக்கப் போய் உயிர் விடும். பிறகு குப்பை விழும். ஊரின் குப்பையை எங்கே கொட்டுவது என்ற சண்டை பாறைக்குழிக்குப் பாறைக்குழி நகர்ந்துகொண்டே இருப்பது பேப்பர் படிப்பவர்களுக்குத் தெரியும். நிரம்பியதும் மேலே செம்மண் ஒரு லோடு. அப்புறம் அது மனை.

ஒரு தடவை ஓர் ஏற்றுமதிக் கம்பெனி தையல் ஷெட் கட்ட இடம் வாங்கி என்னைக் கூப்பிட்டது. அளந்து முடித்துவிட்டு, தென்மேற்கு மூலையில் கட்டடம் வேண்டாம், அங்கே எண்பதுகளில் கல் உடைத்தார்கள் என்றேன். மேனேஜர் சிரித்தார். “என்னங் சார், இது தோட்டமுங். தென்ன நிக்குது பாருங்.” தென்னை நின்றது உண்மை. என் முதலாளியின் புத்தகத்தில் அந்தப் புல எண்ணும் குழியின் நீள அகலமும் இருந்தன. மண் பரிசோதனைக்கு அங்கே ஒரு துளை போடச் சொன்னேன். துளைக் கருவி முதலில் செம்மண் கொண்டு வந்தது, பிறகு சாம்பல், பிறகு பனியன் வேஸ்ட். மக்காத கட்டிங் துணி, ரிப் துண்டு, எலாஸ்டிக், கூடவே ஊதாவும் பச்சையுமாகச் சாயக் கசடு. ஊர் தைத்ததெல்லாம் அடுக்கடுக்காக வந்தது. பாறை தட்டுப்பட நெடுநேரம் ஆயிற்று. அந்த மூலையை லாரி நிறுத்த விட்டுவிட்டு ஷெட்டை வடக்கே நகர்த்தினார்கள். என் பில்லில் மேனேஜர் வழக்கம்போலக் கொஞ்சம் குறைத்தார்.

சாயத்தோடு இன்னொரு காலமும் இருந்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று படம் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். கழிவுநீர்க் குழாயைப் புதைத்தபோது படம் போடாதவர்கள், தோண்டி எடுக்கிறபோது படம் தேடினார்கள். அந்த வேலைகளைப் பற்றி எழுதினால் இன்னும் கோர்ட்டில் இருக்கிறவர்களுக்குச் சங்கடம், விட்டுவிடுகிறேன்.

பழைய குழிப் படத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சாஸ்நாலாவைச் சொல்வேன். 1975 டிசம்பர் 27, தன்பாத் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம். பக்கத்தில் தேங்கிக்கிடந்த பழைய வேலைப்பாட்டின் தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து 370-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பிரிட்டனில் கைவிட்ட சுரங்கத்தின் படத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1872-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்று அங்கே வீடு வாங்குகிறவர் கீழே என்ன இருக்கிறது என்று காசு கட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இங்கே வில்லங்கச் சான்றில் முப்பது வருஷத்துக் கடன் எல்லாம் வரும், குழி வராது.

கருவிகள் மாறியதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். டோட்டல் ஸ்டேஷன் வந்தது, டி.ஜி.பி.எஸ். வந்தது, இப்போது பையன்கள் டிரோன் விடுகிறார்கள். அளவின் துல்லியம் கூடியது, அதில் சந்தேகமில்லை. குழி தேட எனக்கு அதிகம் உதவியது இவை எதுவும் இல்லை, ஒரு பழைய படம். அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் அறுபதுகளில் எடுத்த கொரோனாப் படங்களை 1995-இல் பொதுவில் விட்டார்கள். பனியன் பெருகுவதற்கு முந்தைய எங்கள் பூமி அதில் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. கொறங்காடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும், இட்டேரிகள் தெரியும். கூகுள் படமென்றால் கோடையில் எடுத்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும். பச்சை இருந்தால் எதுவும் தெரியாது. காய்ந்த காட்டில் தூர்ந்த குழியின் ஈரம் மட்டும் வட்டமாகப் பசுமை காட்டும். அதையும் நேரில் போய், ஆடு மேய்க்கிறவரிடம் கேட்டு, கொட்டிய கல்லைப் பார்த்த பிறகே முழுக்கோடு போடுவேன். திரையில் மட்டும் பார்த்தவற்றுக்குப் புள்ளிக்கோடு.

இப்போது ஒரு கம்பெனியின் இளம் முதலாளி, படித்த பிள்ளை, “அங்கிள், எல்லாத்தையும் ஃபோன்ல போட்டுரலாமுங்” என்று நிற்கிறார். பாறைக்குழிகளை முழுக்கக் கொடுத்துவிட்டேன். புல எண், ஆழம், எப்போது மூடியது என்று தெரிந்தவரை. மீட்டர்கேஜ் கரையும் கொடுத்தேன். கல் குழிகளை மட்டும் தரவில்லை. காங்கேயம் பக்கம் இன்றைக்கும் மழை விட்ட மறுநாள் காட்டில் கல் பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொறுக்கலோடு நின்றால் சரி. ஆயத்தொலைவு கைக்குக் கிடைத்தால் ராத்திரியில் ஜே.சி.பி.யோடு வருவார்கள், காட்டுக்காரருக்கு வேலியும் போகும் மேய்ச்சலும் போகும். பையனுக்கு வருத்தம்தான். படியூர், சிவன்மலை என்று ஊர்ப் பெயர் அளவுக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஷீட்டை என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.